உன் மகனுக்கு நான் பார்த்து எழுதியது

வேப்பங்குளம்,
திருச்சுழி தாலுகா.
ஆவணி மாதம். கடிதம் தொடங்கி ஒன்பது நாள் ஆகிறது, இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை சின்னத்துரை அவர்களுக்கு,

தங்கள் அக்காள் கருத்தம்மாளின் வீட்டுக்காரன் தவசி எழுதிக்கொள்வது. இங்கே நானும் தங்கள் அக்காளும் இரண்டு பசுமாடும் சுகம். அங்கே தாங்களும் தங்கச்சி மாரிக்கனியும் தங்கள் ஒரே மகன் மருதுபாண்டியும் சுகமாக இருக்கிறீர்கள் என்பதும், தாங்கள் சர்க்கரை வியாதியை வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒதுங்கி நின்று ஜிலேபி தின்கிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஒரு சந்தோஷச் சேதி. இதை எழுதுவது வேறு யாரும் இல்லை, நானேதான். அறுபத்தெட்டு வயது வரை கட்டைவிரலில் மை தடவிக்கொண்டிருந்தவன், இப்போது பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். தை மாதத்திலிருந்து எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் முதியோர் வகுப்பு நடக்கிறது. ஒன்பது பொம்பளைகள், இரண்டு ஆம்பளைகள். அருப்புக்கோட்டைக் கல்லூரியில் படிக்கும் சத்யபிரியா என்ற பிள்ளை சொல்லிக் கொடுக்கிறது. இப்போது நான் பஸ்ஸில் போனால் போர்டைப் படிக்கிறேன், கடையில் நின்றால் சோப்பு உறையைப் படிக்கிறேன், போன வாரம் உரமூட்டையில் இருந்ததை முழுவதும் படித்து முடித்த பிறகுதான் கீழே இறக்கினேன். மூட்டை தோளில் இருந்தது. இந்த ‘தாங்கள்’ என்ற சொல்லை எழுத எனக்கு அரை நிமிடம் ஆகிறது, ‘நீ’ ஒரே எழுத்தில் முடிகிறது. ஆறு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் என்பதால் மரியாதையாகத் தொடங்கினேன். கை வலிக்கிறது. இனிமேல் நீதான், கோபப்படாதே.

போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய். கடிதத்தில் நான் முடிக்கும் வரை நீ வாயைத் திறக்க முடியாது.

அந்த ஆறு வருடக் கணக்கை இங்கேயே முடித்துவிடுகிறேன். என் பேரன் காதுகுத்துக்குத் திருச்சுழி பஸ் ஸ்டாண்டில் கட்டிய பிளக்ஸில் ஐம்பத்திரண்டு சொந்தக்காரர்களின் முகம் இருந்தது. அதில் உன் முகத்துக்குக் கீழே வேறொருவர் பெயரும், விருந்துக்கென்று மூலையில் போட்டிருந்த கிடாய்ப் படத்துக்குக் கீழே உன் பெயரும் வந்துவிட்டது. வேண்டுமென்றே செய்ததாக நினைத்து நீ மாலையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போனாய். நடந்தது இதுதான். அச்சடிக்கும் முன்னால் கடைக்காரர் என்னைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து, “பேரெல்லாம் சரியா இருக்கான்னு ஒரு தடவ பாத்துருங்க பெரியவரே” என்றார். படிக்கத் தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அரை மணி நேரம் கண்ணை மேலும் கீழும் ஓட்டி, “எல்லாம் சரியாத்தான் இருக்கு” என்று தலையாட்டிவிட்டு வந்தேன். கிடாயை மட்டும் இன்னும் கொஞ்சம் பெரிதாகப் போடச் சொன்னேன். தப்பு என்னுடையது. இதைச் சொல்ல ஆறு வருடமும் இருநூற்று நாற்பத்தேழு எழுத்தும் தேவைப்பட்டிருக்கிறது.

இனி உன் மகன் விஷயம். பங்குனி மாதம் சத்யபிரியா, “தாத்தா, எல்லாரும் ஆளுக்கொரு போன் வச்சுக்கங்க. நான் தெனம் ஒரு வரி பாடம் அனுப்புவேன், அதைப் பாத்து அப்படியே எழுதித் திருப்பி அனுப்பணும்” என்றது. எங்கள் வகுப்பில் வழக்கமே அதுதான். பிள்ளை பலகையில் ஒரு வரி எழுதும், நாங்கள் அதற்குக் கீழே அதையே பார்த்து எழுதுவோம். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கக் கூடாது. முதலில் கை பழக வேண்டும், அர்த்தம் பிறகு வரும். நானும் அருப்புக்கோட்டை போய்ப் பழைய போன் விற்கிற கடையில் ஒன்று வாங்கினேன். “எல்லாம் ஏத்தியே இருக்கு, நீங்க அப்படியே தொட்டா போதும்” என்று கொடுத்தார்கள். தொட்டேன். இதற்கு முன்னால் அந்தப் போனை வைத்திருந்த பெண் தன்னுடைய இன்ஸ்டா கணக்கை அழிக்காமலே விற்றிருக்கிறாள் என்பதும், அதில் பெயர் ப்ரியா என்றும் படம் ஜன்னல் ஓரம் முதுகைக் காட்டி நிற்கும் ஒரு பெண் என்றும் இருப்பதும் எனக்கு எப்படித் தெரியும்? மணி அடித்தது, ஒரு வரி வந்தது, பாடம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு கண்மாய்க்கரைக்குப் போனேன். எங்கள் ஊரில் அங்கேதான் சிக்னல் நன்றாகக் கிடைக்கும்.

முதல் பாடம் இங்கிலீஷில் வந்தது. நமக்கு அது தெரியாது. தெரிந்ததை எழுதுவோம் என்று ‘அ’ போட்டு அனுப்பினேன். மறுபடியும் இங்கிலீஷ். ‘ஆ’ போட்டேன். “அட, தமிழ்லதான் பேசுவியா? செம கெத்துப்பா” என்று வந்தது. அன்றிலிருந்து பாடம் எல்லாம் தமிழில். நானும் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தொட்டு, ஒரு வரிக்கு ஒரு முற்பகல் என்று எழுதி அனுப்பினேன். நான் எழுதிக்கொண்டிருக்கும்போது அந்தப் பக்கம் ‘டைப்பிங், டைப்பிங்’ என்று காட்டுமாம். உன் மகன் அதையே மூன்று மணி நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பானாம். எனக்காக இவ்வளவு யோசித்து எழுதுகிற பெண்ணை நான் பார்த்ததே இல்லை என்று அவனே பின்னால் எழுதினான். அதையும் பார்த்து எழுதி அனுப்பினேன்.

இப்போது பழைய பாடங்களை எல்லாம் அர்த்தத்தோடு படித்துப் பார்க்கிறேன், மாப்பிள்ளை. தலையில் கை வைத்துக்கொண்டு படிக்கிறேன். அவன் “சாப்டியா?” என்று கேட்டிருக்கிறான். நான் “சாப்டியா?” என்று கேட்டிருக்கிறேன். “சாப்டேன், பரோட்டா. எனக்குப் பரோட்டான்னா உயிரு” என்றிருக்கிறான். எனக்குப் பரோட்டான்னா உயிரு என்று நானும் அனுப்பியிருக்கிறேன். “அய்யோ! நமக்கு ஒரே டேஸ்ட்!” என்றிருக்கிறான். அய்யோ, நமக்கு ஒரே டேஸ்ட். “உன் ஊரு எது?” என்று கேட்டான், நான் திருப்பிக் கேட்டேன், அவன் ஊரைச் சொன்னான். “வீட்ல யார் யாரு?” நான் திருப்பிக் கேட்டேன், அவன் வீட்டில் உள்ளவர்களைச் சொன்னான். “ஒரு போட்டோ அனுப்பேன்.” நான் அதையே கேட்டதும் நாற்பது போட்டோ அனுப்பினான். நீ வீட்டுச் சாவியைப் பின்பக்க ஓட்டுக்குக் கீழே செருகுவது, தங்கச்சி மாரிக்கனி ஆறு பவுன் சங்கிலியைக் கம்பு மூட்டைக்குள் வைத்திருப்பது, உன் ஜிலேபி, எல்லாம் எழுத்தாக வந்தது. நான் ஒரு வார்த்தை என்னைப் பற்றிச் சொல்லவில்லை. அவன் கேட்டதையே கேட்டேன், அவ்வளவுதான். மொத்தக் குடும்பத்தையும் கொண்டுவந்து என் கையில் வைத்துவிட்டான்.

முகத்தைப் பார்த்தால் தெரியாதா என்று கேட்பாய். அவன் கடைசியாக என் வீட்டுக்கு வந்தபோது பத்தாவது படித்துக்கொண்டிருந்தான். இந்தப் படங்களில் ஒன்றில் நாய்க் காது வைத்திருந்தான், ஒன்றில் முகம் மாவு பூசினாற்போல் இருந்தது, ஒன்றில் பூனை மீசை. நான் பாடப் புத்தகத்தில் வருகிற படம் என்றுதான் நினைத்தேன். ஆடு, இலை, நாய்க் காது வைத்த பையன்.

ஒரு நாள் காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து போனைத் தொட்டேன். எழுத்து வரவில்லை, குரல் வந்தது. “ப்ரியா, ஒன் குரலை ஒரே ஒரு தடவ கேக்கணும் போல இருக்கு” என்று ஒரு ஆம்பளைக் குரல் வாசல் முழுவதும் கேட்டது. உன் அக்காள் கூட்டிக்கொண்டிருந்த விளக்குமாற்றோடு வந்து நின்றாள்.

“யாருங்க அது?”

“பாடம்.”

“பாடத்துக்கு எதுக்கு ப்ரியா?”

“அது பாடத்தோட பேரா இருக்கும்.”

“நாலு மாசமா கண்மாய்க்கரையில குனிஞ்சுக்கிட்டே இருக்கீகளேன்னு அப்பமே நெனைச்சேன். இந்த வயசுல ப்ரியா கேக்குதோ? இன்னொரு தடவ போடுங்க அத.”

போட்டேன். விளக்குமாறு கீழே இறங்கியது. “இந்தக் குரலு எங்க அய்யா குரலு மாதிரியே இருக்கே” என்றாள். “எங்க அய்யா எளந்தாரியா இருக்கயில இப்படித்தான் மூக்கால இழுத்துப் பேசுவாக.” செத்துப்போன மாமனார் ப்ரியாவிடம் ஏன் பேச வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.

சாயங்காலம் வகுப்புக்குப் போனேன். சத்யபிரியா கோபமாக இருந்தது. “தாத்தா, நாலு மாசமா வாட்ஸ்அப்ல பாடம் அனுப்புறேன். எல்லாரும் எழுதி அனுப்பிட்டாங்க, நீங்க ஒரு வரிகூட அனுப்பல.”

“என்ன தாயி இப்படிச் சொல்லிட்ட? நான் ஒரு நாளு தவறல. நேத்துக்கூட ‘செல்லக்குட்டி தூங்கிட்டியா’ன்னு எழுதி அனுப்புனேனே?”

வகுப்பில் ஒன்பது பொம்பளைகளும் சிலேட்டை வைத்துவிட்டார்கள். “யாருக்குத் தாத்தா அனுப்புனீங்க? போனைக் குடுங்க” என்று பிள்ளை வாங்கிப் பார்த்தது. பார்த்துக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டது. சிரிக்கும் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. என்னைத் தனியாகக் கூட்டிப்போய்ச் சொன்னது. “தாத்தா, நீங்க தெரியாமப் பண்ணுனத, தெரிஞ்சே பொழப்பாப் பண்றவங்க இருக்காங்க. பொண்ணு மாதிரி பேசுவாங்க, நாம சொல்றதுக்கெல்லாம் ஆமாம் போடுவாங்க, எல்லாத்தையும் வாங்கிக்குவாங்க. அப்புறம் மெரட்டுவாங்க. என் கூடப் படிச்ச ஒருத்தி ஒரே ஒரு போட்டோ அனுப்பிட்டு ரெண்டு மாசம் சோறு திங்கல. வீட்ல சொன்னா படிப்ப நிறுத்திருவாங்கன்னு பயம். கடைசியில படிப்பு நின்னுதான் போச்சு. இவரு யாருன்னு பாக்கவா? இங்க ஆதார் கார்டுகூட அனுப்பி வச்சிருக்காரு.”

“வேண்டாம் தாயி. நானே படிச்சுக்கிறேன்” என்றேன். பாவம், யார் பெற்ற பிள்ளையோ, அவன் பெயர் வகுப்பில் பதினோரு பேர் வாயில் விழ வேண்டாம் என்று நினைத்தேன்.

அந்த ஆதார் எப்படி வந்தது என்றால், “என்னை நம்பலையா ப்ரியா? ஆதார் அனுப்பவா?” என்று அவன் கேட்டு, நானும் அதையே கேட்டு, “சே சே, நீ அனுப்பாத, பொண்ணுங்க அதெல்லாம் அனுப்பக் கூடாது, நான் அனுப்புறேன்” என்று முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் அனுப்பியிருந்தான். அடுத்தவருக்கு எது ஆபத்து என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது மாப்பிள்ளை. தனக்கு மட்டும் தெரியவில்லை.

மறுநாள் வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, யாரும் எழுதித் தராமல், யாரும் சொல்லித் தராமல், பார்த்து எழுதாமல், வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றை அர்த்தத்தோடு படிக்கத் தொடங்கினேன். ம, ரு, து. மருது. பாண்டி. மருதுபாண்டி. நல்ல பெயராக இருக்கிறதே, நம் பக்கத்துப் பையன் போலிருக்கிறதே என்று சந்தோஷமாக அடுத்த வரிக்குப் போனேன். சி, ன், ன. சின்ன. அதற்கு மேல் நான் எழுத்துக்கூட்டவில்லை, எனக்கே வாயில் வந்துவிட்டது. கட்டிலிலிருந்து எழுந்துவிட்டேன். படிக்க வருகிறது என்ற சந்தோஷமும், படித்தது இதுவா என்ற பயமும் ஒரே நேரத்தில் வந்தால் மனிதன் என்ன செய்வான்? நான் கருத்தம்மாளைக் கூப்பிட்டு, “ஏத்தா, எனக்குப் படிக்க வந்துருச்சு! ஒன் தம்பி மகன் நாசமாப் போயிட்டான்!” என்றேன்.

விஷயம் அதோடு நிற்கவில்லை. பிறகு வந்திருந்ததை எல்லாம் இருவருமாகப் படித்தோம், நான் எழுத்துக்கூட்ட, அவள் அர்த்தம் சொல்ல. அவனுக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது, திங்கள்கிழமை போய்ச் சேர வேண்டும், நீயும் தங்கச்சியும் இரண்டு மாதமாகக் கத்துகிறீர்கள், அவன் நகரவில்லை. நீ அவனைச் சோம்பேறி என்கிறாய். அவன் சோம்பேறி இல்லை மாப்பிள்ளை. “உன்னை விட்டுட்டு நான் ஓசூர் போக மாட்டேன்” என்று ப்ரியாவுக்கு எழுதியிருக்கிறான். நான் என்ன செய்தேன்? “உன்னை விட்டுட்டு நான் ஓசூர் போக மாட்டேன்” என்று பார்த்து எழுதினேன். உடனே அவன், “உனக்கும் ஓசூர்ல வேலை கிடைச்சிருக்கா? எனக்காக விடுறியா? அப்ப நான் மட்டும் எப்படிப் போவேன்? ஆர்டரைக் கிழிச்சுப் போடுறேன்” என்கிறான். இது நான் படித்த வெள்ளிக்கிழமைக் காலை. இடையில் சனியும் ஞாயிறும்தான்.

உன் அக்காள் சொன்னாள்: “நாந்தான்டா ஒன் மாமா, மரியாதையா வேலைக்குப் போடான்னு எழுதுங்க.”

“எழுதுனா பய என்ன ஆவான்? நாலு மாசம் செல்லக்குட்டி, தங்கம்னு கொஞ்சுனது மாமனத்தான்னு தெரிஞ்சா தூக்கம் வருமா அவனுக்கு? வெக்கத்துல ஏதாச்சும் பண்ணிக்கிட்டா?”

அவள் போனை எடுத்து மறுபடியும் என் கையில் வைத்தாள். பிறகு, “அப்ப அந்தப் புள்ளையே சொல்ற மாதிரி எழுதுங்க” என்றாள்.

எனக்கோ இதுவரை நானாக ஒரு வரி எழுதிப் பழக்கம் இல்லை. பார்த்து எழுத மேலே ஒன்றும் இல்லாத வெறும் வெள்ளை இடத்தில் கை ஓடவே இல்லை. அவளும் நானும் உட்கார்ந்து, மத்தியானச் சோற்றை மறந்து, “ஓசூர் போ” என்று எழுதினோம். அவன் உடனே, “ஏன், என்னைப் பிடிக்கலையா?” என்று கேட்டான். என் விரல் தானாகப் போய் ‘ஏ’ என்ற எழுத்தைத் தொட்டது. உன் அக்காள் என் கையில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். “பாத்து எழுதாதீக! பாத்து எழுதித்தான் இம்புட்டும்!”

பிறகு, “வேலையில் சேர். நான் எங்கேயும் போக மாட்டேன்” என்று எழுதினேன். அது பொய் இல்லை, எனக்கு இந்த வயதில் போக இடம் இல்லை. அவள், “வேளா வேளைக்குச் சாப்பிடச் சொல்லுங்க” என்றாள், அதையும் எழுதினேன். “கண்ட எடத்துல படம் போட வேண்டாம்னு சொல்லுங்க.” எழுதினேன். “முகம் தெரியாத ஆளுக்கு வீட்டு ரகசியம் சொல்ல வேண்டாம்னு சொல்லுங்க.” அதை எழுதும்போது கொஞ்சம் கூச்சமாக இருந்தது, ஆனாலும் எழுதினேன். எல்லாம் சேர்ந்து பொழுது சாய்ந்துவிட்டது. அவன் பதில் வந்தது: “நாலு மாசமா நான் சொன்னதையே சொல்லிட்டு இருந்த. இன்னிக்குத்தான் நீயாப் பேசுற. எங்க வீட்ல யாரும் என்கிட்ட இப்படிப் பேசுனது இல்ல. போறேன்.”

இந்தக் கடைசி வரியை நான் ஐந்து தடவை படித்தேன். சரியாகத்தான் படித்தேனா என்று உன் அக்காளும் கேட்டாள். சரியாகத்தான் படித்தேன். உன்னைக் குற்றம் சொல்ல எழுதவில்லை மாப்பிள்ளை. நீ அவனுக்காகத்தான் லோடு ஏற்றி இறக்கி இடுப்பு நாரியை ஒடித்துக்கொள்கிறாய். ஆனால் அந்தப் பையன் தினமும் யாரோ ஒருவரிடம் சாப்பிட்டாயா என்று கேட்டு, அதே கேள்வி திரும்பி வந்ததும் அதற்கே குளிர்ந்துபோயிருக்கிறான். நாலு மாதம் அவனுக்குப் போதுமாக இருந்தது அதுதான். அதற்கு ஒரு ப்ரியா வேண்டியதில்லை, படிக்கத் தெரிந்த மனிதன்கூட வேண்டியதில்லை.

திங்கள்கிழமை அவன் ஓசூருக்குப் பஸ் ஏறிவிட்டான். செவ்வாய்க்கிழமை நீலச் சட்டையும் கழுத்தில் அட்டையுமாக ஒரு படம் வந்தது. நாய்க் காது இல்லை. நல்ல முகம், உன் அப்பா முகம். உன் அக்காள் போனையே தொட்டுக் கும்பிட்டாள்.

இனி நீ செய்ய வேண்டியது. ஞாயிறுதோறும் அவனுக்கு நீயே போன் போட்டு, சம்பளத்தைப் பற்றிப் பேசாமல், சாப்பிட்டாயா என்று கேள். அவன் பதில் சொன்னதும் போனை வைத்துவிடாதே. அவன் போனைப் பிடுங்காதே, பிடுங்கினால் வேறு ஒன்று வாங்குவான், அதில் யார் இருப்பார்களோ. ஆதாரையும் பேங்க் கார்டையும் போட்டோ எடுத்து யாருக்கும் அனுப்பக் கூடாது, எவனாவது மிரட்டினால் முதல் ஆளாக வீட்டில் வந்து சொல்ல வேண்டும், சொன்னால் வீட்டில் அடிக்க மாட்டார்கள் என்று அவனுக்கு நம்பிக்கை வருகிற மாதிரி நடந்துகொள். சாவியை ஓட்டுக்குக் கீழேயிருந்து எடு. கம்பு மூட்டையிலிருந்து சங்கிலியை எடு. எங்கே மாற்றி வைத்தாய் என்று எனக்குச் சொல்ல வேண்டாம். ப்ரியா யார் என்பதை மட்டும் நீ அவனிடம் சொல்லாதே. தீபாவளிக்கு அவன் வரும்போது நானே அருப்புக்கோட்டைக்கு வந்து, அவனைத் தனியாக டீக்கடைக்குக் கூட்டிப்போய், முதலில் பரோட்டா வாங்கிக் கொடுத்துவிட்டு, நானே சொல்வேன். அடித்தால் வாங்கிக்கொள்வேன். அதுவரைக்கும் ப்ரியாவுக்குப் படிப்பு அதிகம், பேச நேரம் இல்லை என்று எழுதிவிட்டேன். அதுவும் பொய் இல்லை. இரண்டாம் புத்தகம் தொடங்கியிருக்கிறார்கள்.

இது நம் நான்கு பேரோடு போகட்டும். சொந்தக்காரர்கள் ஒருவருக்கும் தெரிய வேண்டாம். நான் இனிமேல் அந்தப் போனில் ஒரு வரியும் பார்த்து எழுத மாட்டேன் என்று உன் அக்காள் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறேன்.

உன் வீட்டில் மழைக்கு முன் ஓடு மாற்றப்படட்டும், உனக்குச் சர்க்கரை இறங்கட்டும், தங்கச்சிக்கு முழங்கால் வலி தீரட்டும், மருதுபாண்டி நல்ல பெயர் எடுக்கட்டும் என்று நானும் உன் அக்காளும் எங்கள் அய்யனாரை வேண்டிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சொந்தக் கையால்,
தவசி

பின்குறிப்பு:

மாப்பிள்ளை, வியாழக்கிழமை காலை. இதை உறையில் போட்டு ஒட்டப் போகும் நேரத்தில் மணி அடித்தது. எடுத்துப் பார்த்தேன். உன் படம். ஆறு வருடம் கழித்து உன் முகத்தைப் பார்க்கிறேன், தலை நரைத்துவிட்டதே. “வணக்கம்மா ப்ரியா. நான் மருதுபாண்டியோட அப்பா. ரெண்டு மாசம் நாங்க கத்தியும் கேக்காதவன், நீ சொன்ன ஒரு சொல்லுக்கு வேலைக்குப் போயிட்டான். எல்லாத்தையும் எங்ககிட்டச் சொல்லி, எம் போன்லயும் இன்ஸ்டாவப் போட்டுக் குடுத்துட்டுத்தான் போனான். நீ எந்த வீட்டுப் புள்ளையா இருந்தாலும் சரி, எங்களுக்கு முழுச் சம்மதம்” என்று நீ எழுதியிருந்தாய். நீயே எழுதியதைப் படித்ததும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கண் மறைத்திருக்கும்போது கை பழைய பழக்கத்துக்குப் போய்விட்டது. சத்தியம் ஞாபகம் வந்து நிமிர்வதற்குள், ‘எங்களுக்கு முழுச் சம்மதம்’ என்று பார்த்து எழுதி அனுப்பியிருந்தேன்.

நீ அடுத்த நிமிடமே, “அப்ப நாளைக்கு வெள்ளிக்கிழமை நல்ல நாளு. நிச்சயப் பூ வைக்க வாரோம். வீடு எங்கம்மா?” என்று கேட்டாய். பெண்ணைக் கேட்டு வருகிறவர்களுக்குப் பொய் விலாசம் கொடுக்கக் கூடாது. வேப்பங்குளம், ரேஷன் கடைக்கு மேற்கே மூன்றாவது வீடு என்று உள்ளதையே எழுதினேன். “அது எங்க அக்கா இருக்கிற தெருவாச்சேம்மா. அந்தத் தெருவ மிதிக்கவே கூடாதுன்னு இருந்தேன். ஒனக்காக வாரேன்” என்று எழுதியிருக்கிறாய். அதன் பிறகு பதினெட்டு பேருக்கு வேன் பேசிவிட்டதாக இன்னொரு வரி. நான் பதில் எழுதத் தொடங்கி ஒரு சொல் முடிவதற்குள் அட்வான்சும் கொடுத்துவிட்டாய். உன் அக்காள் உனக்கும் தங்கச்சிக்கும் மாறி மாறிப் போன் போட்டுப் பார்த்தாள். இருவரும் எடுக்கவில்லை, புடவைக் கடையில் இருப்பீர்கள்.

ஆகையால் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. நாளை நீ வந்து வாசலில் இறங்கி, “பொண்ணு எங்க?” என்று கேட்கும்போது கையில் கொடுக்கிறேன். வேனில் வந்தவர்கள் சாப்பிடட்டும், அவர்களுக்கு ஆறு வருடக் கோபம் தீர்ந்த விருந்து என்று சொல்லிக்கொள்ளலாம், உன் அக்காள் இப்போதே கோழி பிடிக்கப் போய்விட்டாள். நீ மட்டும் தனியாக உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து நிதானமாகப் படி. பூவை அவளிடம் கொடுத்துவிடு. எனக்கு வைக்க முடி இல்லை.